பவுன் விட்டுவைக்கும் மூலை

புனேயில், கட்கியில் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடும் இடத்தில் எங்கே வேலை என்று கேட்டால், பவுன் "கேம்ப்ல ஒரு கடையில" என்பாள். புடவைக் கடையா என்பார்கள். இல்லை. பேருக்கு ஏற்ற மாதிரி நகைக் கடையா? அதுவும் இல்லை. அதற்குள் பந்தியில் பாயசம் வந்துவிட்டால் தப்பித்தாள். வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் புருஷன் ஜெகதீசனுக்கு வாய் சும்மா இருக்காது. "துப்பாக்கிக் கடைங்க. பாத்துப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். கேட்டவர்கள் பவுனை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, முழங்கை வரைக்கும் ரவிக்கை, விரல் நுனிகளில் மட்டும் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு.

கடையில் அவளுக்குப் பேச்சு வேலை கிடையாது. கண்ணாடி அலமாரிகளையும் கவுண்டரையும் தாண்டிப் பின்னறையில் தையல் மெஷினை விடக் கொஞ்சம் பெரிய லேத் ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் பெஞ்சு, பெஞ்சில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், சுவரில் வரிசையாக அரங்கள். ஐம்பது, அறுபது, எண்பது வருஷத்து ரிவால்வர்கள் அங்கே வரும். அவற்றைச் செய்த கம்பெனிகள் பல எப்போதோ மூடிப் போயின. ஒரு திருகோ ஸ்பிரிங்கோ விரல் நகத்தளவு இரும்புத் துண்டோ போய்விட்டால் வாங்குவதற்கு உலகத்தில் இடம் கிடையாது. அந்தத் துண்டைத்தான் பவுன் செய்வாள்.

அவள் அப்பா வெடிமருந்து ஃபேக்டரியில் சாமான் ஏற்றி இறக்கியவர். 1978-இல் ஐடிஐயில் டர்னர் வகுப்புக்கு அவள் மனுப் போட்டபோது, தையல் வகுப்பு பக்கத்துக் கட்டிடம் என்று வழிகாட்டினார்கள். தையலுக்குப் பொறுமை வேண்டும், எனக்குக் கிடையாது என்று அவள் சொன்னதாக வீட்டில் ஒரு கதை உண்டு. உண்மையா என்று கேட்டால் சிரிப்பாள். அந்த வகுப்பில் முப்பத்தொன்பது பையன்கள், இவள் ஒருத்தி. முடித்துவிட்டு ஹடப்சரில் பம்பு உதிரிகள் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ். 1991-இல் கம்பெனி கதவைப் பூட்டியபோது மகள் ப்ரீத்திக்கு ஆறு வயது.

பக்கத்து வீட்டு செல்வமேரி கேம்பில் கெர்சி சேட்டின் கடையில் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தாள். லேத் ஓட்டியவர் நாசிக்கில் இருக்கும் மகனோடு தங்கப் போய்விட்டார், சேட் ஆள் தேடுகிறார் என்று அவள்தான் சொன்னாள். கெர்சி சேட் எழுபதை நெருங்கும் பார்சிக்காரர். வயிற்றுக்கு மேல் பேன்ட்டைத் தாங்கும் சஸ்பெண்டர், எந்தப் பாஷையில் பேசினாலும் அதில் பாதி குஜராத்தி. பவுனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பித்தளைத் துண்டைக் கொடுத்து, மேஜையில் கிடந்த ஒரு திருகைப் போல இன்னொன்று செய்யச் சொன்னார். அவள் செய்து கொடுத்தாள். எது பழசு, எது புதுசு என்று அவருக்கே ஒரு நிமிஷம் குழம்பியது. அதோடு சரி, மறுபேச்சில்லை.

துப்பாக்கி ரிப்பேர்க் கடை என்றால் லைசென்ஸ் உண்டு, அதில் வேலை செய்கிறவர்களின் பெயர் போலீஸுக்குப் போக வேண்டும். வீட்டுக்கு விசாரிக்க வந்த மராத்திக் கான்ஸ்டபிள் ஜெகதீசனை உட்கார வைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எந்த ஊர், எத்தனை வருஷ சர்வீஸ், லேத்தில் எவ்வளவு அனுபவம். கடைசியில்தான் ஜெகதீசன், அய்யா நான் இல்லை, அதோ சப்பாத்தி தேய்க்கிறாளே அவள் என்றார். கான்ஸ்டபிள் காகிதத்தில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினார்.

கடையின் சட்டம் கறார். துப்பாக்கியோ அதன் ஒரு திருகோ வாசலைத் தாண்டக் கூடாது. வந்தது, பிரித்தது, செய்தது, கொடுத்தது எல்லாம் செல்வமேரியின் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ஆறு மணிக்கு அத்தனையும் இரும்பு அலமாரிக்குள் போய்விடும், சாவி சேட்டின் சஸ்பெண்டரில். பம்பு கம்பெனியில் இருந்தபோது சின்ன வேலை எதையாவது கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து உரசிப் பார்த்துக்கொண்டிருந்த பவுனுக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது. தலைக்குள் மட்டும்தான் கொண்டுவர முடியும். பீன்ஸ் நறுக்கும்போது கை நின்றுவிடும், கண் சுவரில் நிற்கும். "இன்னா, கடை இன்னும் மூடலையா?" என்பார் ஜெகதீசன்.

அவருக்கும் அளவுதான் தொழில். வெடிமருந்து ஃபேக்டரியில் எக்ஸாமினர். முன்னால் தட்டில் வரும் உதிரிகளை கேஜ் என்ற அளவுக் கருவியில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நுழைய வேண்டும், மறுபக்கம் நுழையக் கூடாது. போகும், போகாது. இருபது வருஷமாக நாள் முழுக்க இந்த இரண்டு வார்த்தைதான் என்பதால் வீட்டிலும் அதுவே. இட்லியை விரலால் அமுக்கி, போகும். ப்ரீத்தியின் கணக்கு மார்க்கைப் பார்த்து, போகாது. பவுன் செய்த பாகங்களைப் பற்றி மட்டும் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கண்ணால் பார்த்தால்தானே? "எல்லாரும் பெரிய கைகாரின்னு சொல்றாங்க. என் மேசைக்கு வந்தா தெரியும்" என்று அவ்வப்போது சீண்டுவார். பவுனும் விடமாட்டாள். டிராயிங் இருந்தா யாரும் செய்வாங்க என்பாள்.

அவளுக்கு டிராயிங் கிடையாது என்பது உண்மை. தேய்ந்ததோ உடைந்ததோ ஒரு பழைய துண்டு, அதுதான் எல்லாம். அதை மைக்ரோமீட்டரில் பத்து இடத்தில் அளந்து, எழுதி, அதே போல் செய்துவிடுவாள். மூன்று வருஷமாக அந்த முறை அவளைக் கைவிடவில்லை. திருகுகள், பின்கள், உடைந்த ஸ்பிரிங்குகள். எல்லாம் பொருந்தின.

1994 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டுகிற மழையில் கந்தசாமி வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சிவகங்கைப் பக்கம். இப்போது ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் பணம் ஏற்றிச் செல்லும் வேனில் துப்பாக்கிக்காரர். சொந்த லைசென்ஸ், சொந்த ரிவால்வர். சர்வீஸில் அவர் யாருக்கு ஆர்டர்லியாக இருந்தாரோ அந்த அதிகாரி, ஓய்வு பெறும்போது முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் சாமான்.

கோளாறு என்ன என்று சேட் கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சொன்னார். குதிரையைப் பின்னால் இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் ஒரு கட்டம் சுற்றி, ஒரு துளை சரியாகக் குழாய்க்கு நேராக வந்து நிற்க வேண்டும். இதில் மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுகிறது. எட்டு மாதமாகக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கிறார். இப்போது ஏஜென்சியில் புதிதாக ஒரு மேஜர் வந்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை காலை எல்லாத் துப்பாக்கிகளையும் அவர் முன்னால் இயக்கிக் காட்ட வேண்டும். சரியில்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் ஏஜென்சி கொடுத்திருக்கும் அறையும் இல்லை. யெரவடாவில் அந்த ஒரே அறையில்தான் அவர், அவர் மனைவி ஆனந்தவல்லி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

பவுன் பிரித்துப் பார்த்தாள். சிலிண்டரின் பின்னால் ஆறு பல் உள்ள சின்னச் சக்கரம். குதிரை பின்னால் போகும்போது ஒரு இரும்பு விரல் எழுந்து அந்தப் பல்லில் ஒன்றைத் தள்ளும். கடையில் அதற்கு ஹேண்ட் என்று பெயர், சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம். அதன் நுனி மழுங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை வாங்கண்ணே" என்றாள். தமிழ் கேட்டதும் அவர் தோளில் இருந்த பாரம் பாதி இறங்கின மாதிரி நின்றார்.

மூன்று நாள் அதைச் செய்தாள். பழைய ஹேண்டை அளந்து, இரும்பு தேர்ந்து, கடைந்து, அரத்தில் உரசி, கடினமாக்கி, மெருகு போட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது சேட் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்து, இரட்டைப் பிள்ளைகள் என்றார். நாலு மணிக்குக் கந்தசாமி வந்து நின்றார். பவுன் ரிவால்வரைக் கோத்துக் குதிரையை இழுத்தாள்.

சிலிண்டர் சுற்றியது. மயிரிழை முன்னால் நின்றது.

இன்னொரு முறை. அதே இடம். பழைய ஹேண்ட் செய்துகொண்டிருந்த தப்பைப் புதியதும் அச்சுப் பிசகாமல் செய்தது.

பவுன்தான் சொன்னாள். செய்ததில் அளவுப் பிழை இல்லை, ஆனால் வேலை செய்யவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்றாள். தெரியவில்லை என்ற வார்த்தையை அந்தப் பின்னறையில் அவள் சொல்லி செல்வமேரி அதுவரை கேட்டதில்லை.

கந்தசாமி பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஒரு தட்டு தட்டுனா நேரா நின்னுருது. மேஜர் கண்ணுல படாம நான் தட்டிக்கிடுவேன். எட்டு மாசமா எவனுக்கும் தெரியாது. நீ சரியாயிருச்சுன்னு எழுதி மட்டும் குடு."

பவுன் ரிவால்வரைக் கீழே வைத்தாள். "வேன்ல நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"இடது பக்கம். டிரைவருக்கு அடுத்தாப்புல."

"அவசரத்துல தட்ட மறந்துட்டு சுட்டுட்டீங்கன்னா ஈயம் குழாய் விளிம்புல பட்டு பக்கவாட்டுல சிதறும். அது யாரு மூஞ்சிக்குப் போகும்ணே?"

கந்தசாமி சேட்டைப் பார்த்தார். பெஞ்சில் இருப்பவள் சொல்வதுதான் கடையின் சொல் என்று சேட் இந்தியில் சொன்னார். ரிவால்வர் அலமாரிக்குப் போனது. கந்தசாமி குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். செல்வமேரி பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏழரை மணிக்கு பவுன் வீட்டுக்கு வந்தபோது ஜெகதீசன் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மழை நாளில் ரசம் அவர் பொறுப்பு. ரசம் கொதிக்கும்போது சொன்னாள். மூன்று நாள் வேலை, அரை தௌ, அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூட வித்தியாசம் இல்லை, ஆனாலும் நிற்கவில்லை.

"எதை வச்சு அளந்த?"

"இருந்த பழசத்தான். வேற எதை அளக்கறது?"

"அது இன்னாத்துக்கு ரிப்பேருக்கு வந்துது?"

"தேஞ்சு போய்..." என்று ஆரம்பித்த பவுன் அப்படியே நின்றாள். கையில் இருந்த கரண்டியிலிருந்து ரசம் அடுப்பு மேடையில் சொட்டியது.

தேய்ந்ததை அளந்திருக்கிறாள். தேய்மானத்தையும் சேர்த்து, மைக்ரோமீட்டர் வைத்து, மூன்று நாள் கஷ்டப்பட்டு அச்சாகச் செய்திருக்கிறாள். வேலை சுத்தமில்லாத ஒருத்தன் செய்திருந்தால் இங்கே அங்கே கொஞ்சம் கூடிப்போய் ஒருவேளை ஓடியிருக்கும். திருகிலும் பின்னிலும் இத்தனை நாள் இது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம், அவை தேய்ந்து வந்தவை அல்ல, உடைந்து வந்தவை.

ஜெகதீசன் இந்த ஒரு தடவை சீண்டவில்லை. தொழில் விஷயம் வந்தால் அவர் வேறு ஆள். கேஜே தேயும் என்றார். ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் செருகி எடுத்தால் தேயாமல் என்ன செய்யும். தேய்ந்த கேஜ் கெட்டதையெல்லாம் பாஸ் பண்ணிவிடும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கேஜையும் மாஸ்டரோடு வைத்துப் பார்ப்பார்கள். அந்த மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றி இருக்கும். கையால் தொட்டால் சூப்பர்வைசர் கடித்துக் குதறிவிடுவார்.

"எதுவும் அதுமேல படறதில்ல. அதான் அது மாஸ்டர்" என்றார்.

"எனக்கு மாஸ்டருக்கு எங்க போறது? அந்தக் கம்பெனியே இல்ல."

அவர் ரசத்தை இறக்கச் சொன்னார்.

சனிக்கிழமை காலை பவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை என்பது கேம்பில் இறங்கியபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அலமாரி திறந்ததும் பழைய ஹேண்டை எடுத்து, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் மாட்டும் லென்ஸைக் கண்ணில் வைத்து, மைக்ரோமீட்டரைத் தொடாமல் சும்மா பார்த்தாள். எது எதன்மேல் உரசும்? இந்த நுனி பல்லில் உரசும். இந்த முதுகு பள்ளத்தில் உரசும். இந்தப் பக்கவாட்டு, ஆமாம், இதுவும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனபோது கீழ்ப்பக்கத்தில் ஒரு மூலை மிஞ்சியது. அரிசிமணியில் பாதி. அங்கே எதுவும் எதன்மேலும் படுவதில்லை. துப்பாக்கியைச் செய்த நாளில் துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட நீல நிறம் கூட அழியவில்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ கடைசியாக அரத்தை இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன.

அந்த மூலையில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். அங்கிருந்து பார்த்தால் முதுகு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தது. முதுகிலிருந்து பக்கவாட்டு, பக்கவாட்டிலிருந்து நுனி. காகிதத்தில் பத்து மடங்கு பெரிதாக வரைந்தபோது, தேயாத காலத்து ஹேண்ட் அவள் முன்னால் இருந்தது. கேம்பில் எத்தனையோ ஆபீஸர்களின் துப்பாக்கிகளுக்கு வேலை செய்த கடையில் முதன்முதலாக ஒரு டிராயிங்.

அன்று முழுக்க நின்று இரண்டு ஹேண்டுகள் கடைந்தாள். ஒன்று போதும் என்றார் சேட். இட்லி ஊற்றும்போது கூடுதலாக ஒன்று போடுவதில்லையா என்று செல்வமேரி அவள் சார்பில் பதில் சொன்னாள். இரண்டையுமே நுனியில் கொஞ்சம் பருமனாக விட்டிருந்தாள். இனி ரிவால்வரில் மாட்டி, பார்த்து, கழற்றி, ஒரு இழுப்பு உரசி, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். அதற்குள் மணி ஆறு. அலமாரி மூடும் நேரம். நாளை ஞாயிறு, கடை லீவு. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு மேஜர்.

பவுன் மூன்று வருஷத்தில் சேட்டிடம் எதுவும் கேட்டதில்லை. அட்வான்ஸ் இல்லை, அரைநாள் லீவு இல்லை. அன்று கேட்டாள். அவர் இல்லாமல் கடையைத் திறக்கச் சட்டத்தில் இடம் இல்லை. சேட் சஸ்பெண்டரை இழுத்து விட்டார். ஞாயிற்றுக்கிழமை தன் மனைவி பருப்பும் கறியும் போட்டு தன்சாக் செய்கிற நாள், ஒரு மணிக்கு மேஜையில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் தனக்கு மரியாதை இல்லை என்றார். பத்துக்கு வருகிறேன், பன்னிரண்டரைக்குப் பூட்டுகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சந்து காலியாக இருந்தது. சேட் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் விரித்தார். கந்தசாமி எதிர் பேக்கரியின் மூடிய ஷட்டர் முன்னால், படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. முதல் நாள் செல்வமேரி சொல்லி அனுப்பியிருந்தாள், சரியாகும் என்று இல்லை, சரியாகலாம் என்று.

பவுன் மாட்டினாள், இழுத்தாள், கழற்றினாள், உரசினாள். நுனியில் ஒரு இழுப்புக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. பதினொன்றரைக்கு முதல் துளை நேராக வந்து, டக் என்ற சத்தத்தோடு நின்றது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. பன்னிரண்டே காலுக்கு ஐந்து துளைகள் சரி. ஆறாவது மட்டும் மயிரிழை முன்னால்.

சேட் வந்து பார்த்தார். ஆறில் ஐந்து, ஐம்பது வருஷத்தில் தான் பார்த்த எத்தனையோ ரிவால்வர்கள் இதைவிட மோசம், மேஜர் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போவதில்லை என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. பவுன் லென்ஸோடு சக்கரத்தின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது பல் மற்றவற்றை விடத் தேய்ந்திருந்தது. நன்றாக இருக்கும் ஐந்து பல்லுக்கு அளவு வைத்தால் ஆறாவது என்றைக்கும் எட்டாது. தேய்ந்த பல்லுக்கு அளவு வைத்து, பிறகு மற்ற ஐந்தையும் அதற்கு இணங்க வைக்க வேண்டும். முதலிலேயே அங்கிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் உழைத்த ஹேண்டைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சனிக்கிழமை கூடப் போட்ட இரண்டாவது இட்லியை எடுத்தாள்.

சேட் அவளையும் அந்தத் துண்டையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் செய்து குஜராத்தியில் ஏதோ சொன்னார். மறுமுனையில் பேசியது பெஞ்சு வரைக்கும் கேட்டது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக வைத்தார். "பவுன்பாயி, சாப்பாடு போச்சு. இனி அவசரம் இல்லை" என்றார்.

இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷத்துக்கு ஆறும் நின்றன. சேட் நம்பவில்லை. போலித் தோட்டாக்களைப் போட்டுத் தானே இழுத்துப் பார்த்தார். டார்ச் வைத்துக் குழாய் வழியாகப் பார்த்தார். அறுபது தடவை இழுத்தார், குஜராத்தியில் எண்ணிக்கொண்டே. அறுபதாவது தடவைக்குப் பிறகு ரிஜிஸ்டரை எடுத்து, செல்வமேரியின் இடத்தில் தானே உட்கார்ந்து எழுதினார். பவுன் கையெழுத்துப் போட்டாள்.

கந்தசாமி ரிவால்வரை வாங்கிக் குதிரையை இழுத்தார். இழுத்ததும் கட்டைவிரல் தானாகப் போய் சிலிண்டரைத் தட்டியது. நேராக நின்ற சிலிண்டர் அசையவில்லை. அவர் விரலைப் பார்த்துக்கொண்டார்.

"இனிமே தட்ட வேண்டியதில்லையா தங்கச்சி?"

"அது தன் வேலையைப் பாத்துக்கும்ணே. நீங்க உங்க விரலைப் பாத்துக்குங்க. அந்தாளு முன்னாடி பழக்கதோஷத்துல தட்டிடப் போறீங்க."

திங்கட்கிழமை பூராவும் சேதி இல்லை. பவுன் கேட்கவும் இல்லை, ஆனால் வாசல் மணி அடித்தபோதெல்லாம் லேத் நின்றது. செவ்வாயன்று கந்தசாமி சீருடையோடு வந்தார். வலது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு. மேஜர் மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு கையில் என்ன அடி என்று கேட்டாராம். தட்டிவிடக் கூடாது என்பதற்காக ஆனந்தவல்லி விரலைத் துணியால் கட்டி அனுப்பியிருந்தாள். கதவிடுக்கில் நசுங்கிவிட்டது சார் என்று சொன்னாராம். "மூணு நாளைக்கு இதக் கட்டிக்கிட்டு அலையணும், சொன்ன பொய்க்கு" என்று அதைத் தூக்கிக் காட்டினார். அறை இருந்தது, வேலை இருந்தது.

அதற்குப் பிறகு பவுன் செய்த பாகங்களில் ஒரு பழக்கம் வந்தது. எங்கும் உரசாத மூலை எது என்று முதலில் பார்ப்பாள். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி மெருகு போடுவாள், அந்த மூலையை மட்டும் அரத்தின் கோடுகளோடு விட்டுவைப்பாள். அளவு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். சேட் புலம்பினார். பளபளப்புக்குத்தான் கஸ்டமர் கொடுக்கிறான் என்றார். அது கஸ்டமருக்கு இல்லை, அடுத்துப் பிரிக்கிறவனுக்கு என்றாள் அவள். யார் அந்த அடுத்தவன் என்று கேட்டார். "யாரா இருந்தா என்ன சேட், அவன் என்னை மாதிரி மூணு நாளை வீணாக்க வேணாம்" என்றாள்.

அடுத்தவன் வரப் பத்து வருஷம் ஆயிற்று. 2004 எலெக்ஷன். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை போலீஸிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். கடையின் அலமாரிகள் நிரம்பி, செல்வமேரி இரண்டாவது ரிஜிஸ்டரைத் திறந்திருந்தாள். கந்தசாமி தலை முழுக்க நரைத்து, அதே ரிவால்வரோடு வந்தார். மூத்த பெண் ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருந்தாள். அவருக்கு வேனில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

ஒப்படைத்ததைத் துடைத்து எண்ணெய் போடப் பிரித்தபோது பவுன் குதிரையை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். ஐந்து சரி. ஆறாவது தயங்கியது. நேராகத்தான் நின்றது, ஆனால் டக் என்ற சத்தம் இல்லை. கந்தசாமியிடம் கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நாலைந்து மாதமாக லேசாகத் தட்டிக்கொண்டிருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். இந்த வயதில் பொய் வருவதில்லை.

"போன தடவை ஒரு வாரம் ஆச்சே" என்றார் கவலையோடு.

"நாளைக்கு மத்தியானம் முடிஞ்சிடும்ணே. அப்ப மூலையைத் தேடணும். இப்ப நானே வச்சிருக்கேன்."

ஹேண்டை வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தாள். அவள் கண்ணாடி இப்போது தடிமன் கூடியிருந்தது. நுனி தேய்ந்திருந்தது, முதுகு தேய்ந்திருந்தது. கீழ்மூலையில் ஏழு கோடுகள், பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் இழுத்தவை, எண்ணிக் கொள்ளும்படி இருந்தன.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் புதிய ஹேண்ட் வேலை செய்தது. ஜெகதீசன் அந்தச் சித்திரையில்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். பொழுது போகாமல் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் தானே கொண்டுவரத் தொடங்கியிருந்தார். கவுண்டருக்கு இந்தப்புறம் நின்றவரை சேட் உள்ளே கூப்பிட்டார். எண்பது வயதில் அவருக்கு விளையாட்டு கூடியிருந்தது. இத்தனை வருஷமாக உன் மேசைக்கு வராத சாமான், வந்து பார் என்றார்.

ஜெகதீசன் டப்பாவைக் கீழே வைத்து, கைகளைத் துண்டில் துடைத்து, லென்ஸை மாட்டிக்கொண்டார். வெல்வெட் துணிமேல் பழையதும் புதியதுமாக இரண்டு ஹேண்டுகள். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். செல்வமேரி பேனாவை மூடி வைத்தாள். பவுன் லேத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூலையில ஃபினிஷிங் இல்ல" என்றார். "போகாது."

அதைச் சொல்லும்போது அவர் முகம் ஃபேக்டரி முகம்தான், சிரிப்பு எதுவும் இல்லை. சொல்லிவிட்டு அந்தக் கோடுகளைத் தடவிப் பார்க்க விரலை நீட்டினார்.

பவுன் எண்ணெய்த் துணியால் அந்த விரலைத் தட்டிவிட்டாள். "மாஸ்டரைத் தொடாதீங்க" என்றாள்.